வாசகர் கேள்வி: டீச்சரின் சைக்கிளும் பழனி மலையும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் என் சைக்கிள் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக நாலு வரி. எனக்கு வயது 56. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். பிப்ரவரியில் தனியாகக் கிளம்பி வடகாடு, பாச்சலூர், கே.சி. பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் ஏறினேன். பூம்பாறை, மன்னவனூர் பார்த்துவிட்டு, பெருமாள்மலைக்குத் திரும்பி, பழனிப் பாதையில் இறங்கி வீடு வந்தேன். ஏழு நாள், ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான்.

56 வயதில் மலை ஏற எப்படி முடிந்தது? தினமும் எவ்வளவு பயிற்சி எடுத்தீர்கள்?
(திண்டுக்கல் வாசகி)

மூன்று மாதம் காலையில் விருப்பாச்சி வரை போய்வந்தேன். அது சமதளம். மலைக்கு அது போதாது என்று வடகாடு தாண்டியதும் தெரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்றியது பல். சைக்கிளின் பல்லைச் சொல்கிறேன்.

வீட்டில் அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிள் ஒன்று இருக்கிறது. பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரத்தில் 18. பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சந்தைக்குப் போக அருமை, மலைக்குப் போனால் முட்டி கழன்றுவிடும். அண்ணன் மகனிடம் வாங்கிய கியர் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 34 என்று வைக்கலாம். ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான் நகரும். அதே ஏற்றத்தை மூன்று பங்காக வெட்டிச் சாப்பிடுவது மாதிரி. கால் கிறுகிறுவென்று சுற்றும், வண்டி நத்தை. பரப்பலாறு அணைக்கு மேலே, தலையில் புல்லுக்கட்டோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். அடுத்த வளைவில் நின்று, "வா தாயி, மெதுவா வா" என்றார். நான் வந்து சேர்ந்ததும் மறுபடி முந்திப் போனார். இப்படி மூன்று வளைவு.

அதற்கும் முடியாத இடங்களில் இறங்கித் தள்ளினேன். தள்ளினால் கணக்கில் சேராது என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சேர்த்துக்கொண்டேன், தம்பி. சைக்கிள் என் கூடத்தானே வந்தது?

தனியாகப் போக பயமாக இல்லையா? உங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லையா?
(தேனி வாசகி, மற்றும் பலர்)

கேட்காதவர் யார் என்று கேளுங்கள். "தனியாவா?" என்ற கேள்வி ஒவ்வொரு தடவை வரும்போதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். மூன்றாம் நாள் காலையில் 23. அப்புறம் விட்டுவிட்டேன். டீக்கடையில் வரிசை மாறாது. எங்கேயிருந்து வர்றீங்க, எங்கே போறீங்க, ஏன் பஸ்ஸுல போகலை, வீட்டுக்காரர் வரலையா. வீட்டுக்காரருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது என்பதை எத்தனை பேருக்குச் சொல்வது?

கே.சி. பட்டியில் ஒரு டீக்கடை அம்மா தானே பதிலும் சொல்லிவிட்டார்: "பழனிக்கு வேண்டுதலா டீச்சர்?" எனக்கு அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான், கடையே மாறிப்போனது. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். பெஞ்சில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். பழனிக்குக் காவடி எடுத்து நடந்தே போகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர்கள் இவை. பொம்பளை ஒருத்தி ஆசைக்காகச் சைக்கிள் மிதிக்கிறாள் என்றால் புரியவில்லை, முருகனுக்காக என்றால் உடனே புரிகிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும், "ஆமா, வேண்டுதல்தான்" என்றே சொல்லிவந்தேன். பொய்தான். வகுப்பில் பிள்ளைகள் சொன்னால் முட்டி போட வைத்திருப்பேன்.

ஒரு இடத்தில் மட்டும் அதுவும் பலிக்கவில்லை. ஊர் பெயர் வேண்டாம். விடுதிக்காரர் சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தனியா லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லைங்க" என்றார். மணி ஐந்தரை, மேகம் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஆதார் அட்டை, ஓய்வூதியப் புத்தகம் எல்லாம் எடுத்து நீட்டினேன், அசையவில்லை. எதிர்த்த மளிகைக்கடைப் பெண்தான் தன் வீட்டு முன்னறையில் பாய் போட்டுக் கொடுத்தாள். பயம் என்று கேட்டீர்களே, அந்த அரை மணி நேரம்தான் பயம்.

இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வழியில் பாத்ரூம்?
(கல்லூரி மாணவி, மதுரை)

நேராகக் கேட்டதற்கு நன்றி கண்ணு, இதுதான் உண்மையான கேள்வி. அதை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதே. ஏற்றத்தில் தலை சுற்றும். பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு எல்லாம் பெரிய ஊரில்தான். நடுவில் உள்ள ஊர்களில் நான் அரசுப் பள்ளிக்குள் போய்விடுவேன். "நானும் டீச்சர்தான்" என்றால் ஆசிரியைகள் அறைக் கதவு திறக்கும். நீ டீச்சர் இல்லையே என்றால், பெண்கள் இருக்கிற வீடாகப் பார்த்துக் கேள். முதலில் குடிக்கத் தண்ணீர், அப்புறம் மற்றது. ஒரு வீட்டில்கூட முகம் சுளித்ததில்லை.

காட்டுமாடு வந்ததா?
(பொள்ளாச்சி வாசகர்)

வந்தது. மன்னவனூரிலிருந்து திரும்பும்போது சாலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் கன்றோடு ஒன்று. நடுவில் புகுந்து போகக் கூடாது, அது மட்டும் தெரியும். இறங்கி நின்றேன். இருபது நிமிடம். முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள், மேலே லாரி கணக்காக உடம்பு. எனக்காக அவசரப்படவே இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், நாலரைக்கு மேல் மிதிப்பதில்லை.

குறிஞ்சி பார்த்தீர்களா?
(சென்னை வாசகர்)

12 வருடத்துக்கு ஒரு முறை பூப்பது. கடைசியாக 2018. இனி 2030-ல் கேளுங்கள்.

என்ன சாப்பிட்டீர்கள்?
(நத்தம் வாசகி)

மலைவாழைப்பழம். தோல் தடித்தது, பையில் நசுங்காது, பசிக்கும் முன்பே ஒன்று. கடலைமிட்டாய். காலையில் எங்கே இட்லி கிடைத்தாலும் ஆறு. பூம்பாறையில் ஒரு வீட்டு வாசலில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதே பூண்டு. உட்காரச் சொல்லி, பூண்டுக் குழம்பும் சோறும் போட்டார்கள். மறுநாள் வரை வியர்வையில் மணத்தது.

பழனி–கொடைக்கானல் பேருந்தில் வந்தபோது, சவரிக்காடு பக்கம் ஒரு அம்மா சாலையோரம் உட்கார்ந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அது நீங்கள்தானா?
(ஆயக்குடி வாசகர்)

நான்தான். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஏறுவதைப் பற்றி நாற்பது பேர் கேட்டிருக்கிறீர்கள், இறங்குவதைப் பற்றி யாருமே கேட்கவில்லை. ஏற்றத்தில் முடியவில்லை என்றால் நின்றுவிடலாம். இறக்கத்தில் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வியே.

என் எடை 60 கிலோ, சைக்கிள் 14, பை 8. மொத்தம் 82. இந்த மூட்டை ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் கணக்குப்படி 8 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றில் போகும். மெதுவாக இறங்குகிறவருக்குப் பெரும்பங்கு பிரேக்கில்தான் சூடாக மாறும். 8 லட்சம் ஜூல் என்றால், குழாய்த் தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். இதைப் பத்தாம் வகுப்பில் முப்பது வருடம் போர்டில் எழுதியிருக்கிறேன். எழுதியவளுக்கே உறைக்கவில்லை.

பெருமாள்மலையில் டீ குடித்துவிட்டு, அன்றைய பேப்பர் ஒன்று வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது குளிர்காற்று அடிக்காமல் இருக்க இதைவிடச் சிறந்த ஸ்வெட்டர் கிடையாது. அது வரைக்கும் சரி. பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடியே இறங்கினேன், அங்கேதான் தப்பு. வடகவுஞ்சி தாண்டியதும் ஒரு வாசனை. யாரோ ரப்பர் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். எரித்தது நான். சவரிக்காடு வருவதற்குள் பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. இறங்கி ரிம்மில், அதாவது பிரேக் கட்டை உரசும் சக்கர வளையத்தில், விரல் வைத்தேன். கொப்பரையிலிருந்து எடுத்த இட்லித்தட்டைத் தொட்டது மாதிரி சுட்டது, ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

ரிம் ஆறும் வரை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டயரைக் கழற்றி டியூபை உருவினால் புது ஓட்டை எதுவும் இல்லை. போன மாதம் ஒட்டிய பஞ்சர் ஒட்டு, சூட்டில் பசை இளகி ஓரம் தூக்கி நிற்கிறது, சுட்ட அப்பளம் மாதிரி. பிரேக் கட்டையில் கோடு கோடாகப் பள்ளம் இருக்குமே, அது ஒரு பக்கம் சுத்தமாக இல்லை. மாற்று டியூப் இருந்தது, மாற்றினேன். மாற்றுக் கட்டை கொண்டுவரவில்லை. நீங்கள் பார்த்தது அதற்கு அப்புறம் காற்றடித்தபோது.

மீதிப் பாதையில் ஒழுங்காக இறங்கினேன். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். அழுத்து, விடு, அழுத்து, விடு. பிடித்தபடியே வந்தால் ரிம் ஆற நேரமே கிடைக்காது. நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று கையை உதறிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பே புதுக் கட்டை போட்டு, பையில் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். டியூபில் பழைய ஒட்டு இருந்தால் மலைக்கு வேண்டாம். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை விதி. பேருந்து ஹாரன் கேட்டாலே ஓரம் கட்டுங்கள், வளைவில் அதன் பின்பக்கம் எங்கே வரும் என்று சொல்ல முடியாது.

பழனி வரை வந்துவிட்டு மலைக்கோயிலுக்குப் போகாமலா போனீர்கள்?
(பழனி வாசகி)

போகாமல் இருக்க முடியுமா? அத்தனை டீ ஓசியில் குடித்திருக்கிறேனே. அடிவாரத்தில் ஒரு பூக்காரம்மாவிடம் சைக்கிளை விட்டேன். விஞ்சில் ஏறலாம் என்றுதான் வரிசை வரை போனேன். கே.சி. பட்டி டீக்கடை அம்மா முகம் வந்து நின்றது. 693 படியும் ஏறினேன். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து மரத்த கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நூறு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து. கீழே வந்ததும் பூக்காரம்மா, "வேண்டுதல் முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுதுக்கா" என்றேன். அது பொய் இல்லை.

இரவு அங்கேயே தங்கி, காலையில் அரைக் கிலோ பஞ்சாமிர்தம் வாங்கி டூல்ஸ் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். சத்திரப்பட்டி தாண்டும்போது பை ஈரமாக இருந்தது. டப்பா மூடி கழன்று ஸ்பானர், பம்ப், சொல்யூஷன் டியூப் எல்லாவற்றிலும் பஞ்சாமிர்தம். மூன்று தடவை வெந்நீரில் கழுவியாயிற்று, அந்த ஸ்பானரில் இன்னும் எறும்பு ஏறுகிறது.