ஃபேன்டசியாவும் ஆலாபனையும்

ஐயா,

என் மகள் மோட்சார்ட்டின் டி மைனர் ஃபேன்டசியாவைப் பியானோவில் பழகுகிறாள். ஃபேன்டசியா என்றால் மனம் போன போக்கில் வாசிப்பது என்கிறாள். ஆனால் ஒவ்வொரு சுரமும் அச்சில் இருக்கிறதே? இது நம் ஆலாபனை மாதிரியா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனம் போன போக்கு எழுதியவருடையது, வாசிப்பவருடையது அல்ல. சொனாட்டா என்ற இசை வடிவத்தில் எந்த மெட்டு எந்தக் கீயில் (ஆதார சுரமும் அதன் ஸ்கேலும்) திரும்ப வேண்டும் என்று வழக்கம் உண்டு. அதற்கு நான் கட்டுப்படவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடும் தலைப்புதான் ஃபேன்டசியா. மற்றபடி பெயரை வைத்து இசையை ஊகிக்க முடியாது. ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் 1680இல் வயோல் என்ற வில் வாத்தியங்களுக்கு எழுதியவை ஒரு குரலை இன்னொன்று துரத்தும் கறாரான பின்னல்கள். அவற்றுக்கும் இதே பெயர்தான்.

ஆலாபனைக்குக் கிட்ட வருவது 18ஆம் நூற்றாண்டின் கீபோர்டு ஃபேன்டசியா. இசையமைப்பாளர் கார்ல் பிலிப் இமானுவேல் பாக் கீபோர்டு வாசிப்பு பற்றி எழுதிய நூலில், 1762இல் வெளியிட்ட இரண்டாம் பகுதியின் கடைசி அத்தியாயமே அதைப் பற்றியதுதான். தாளக்கோடு தேவையில்லை என்கிறார். ஆனால் அடியில் பேஸ் (கீழ்ஸ்தாயிக் குரல்) வேண்டும்: ஸ்கேலில் படிப்படியாக ஏறலாம், இறங்கலாம். அதன்மேல் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கொத்துகள்), அவற்றைத் தனித்தனிச் சுரங்களாக உடைத்து ஓட்டங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் தாய்க் கீயில் நன்றாக நிலைக்க வேண்டும். ஆலாபனையில் ராகத்தை விட்டு வெளியே போனால் பிழை. இங்கே கீயை விட்டுப் போய்த் திரும்புவதில்தான் சுவையே.

மகளுக்கு: தொடக்க ஆன்டான்டே (நிதான நடை) பகுதியின் உடைந்த கார்டுகளை முதலில் முழுக் கார்டுகளாக வரிசையாக அழுத்தட்டும். பேஸ் நகர்வது காதில் விழும், அப்புறம் உடைக்கலாம். அடாஜியோ (மெதுநடை) மெட்டு திரும்பி வரும்போது முதலில் வந்த அதே வேகம் வேண்டும். 'சுதந்திரம்' என்று இங்கேதான் பலர் இழுக்கிறார்கள், மௌனங்களையும் எண்ணாமல் விழுங்குகிறார்கள். துண்டுகள் ஒட்டாமல் போகின்றன. தாளத்தைத் தளர்த்த இடம் ப்ரெஸ்டோ (மிக வேகமான) ஓட்டங்கள் மட்டுமே.

ஒரு வேடிக்கை. மோட்சார்ட் இதை முடிக்கவில்லை. 1804 பதிப்பு கடைசி கார்டு தீராமல் அந்தரத்தில் நின்றது. இன்று நாம் கேட்கும் இறுதி 10 பார்கள் (தாளக்கோடுகளுக்கு இடைப்பட்ட அளவுகள்) பின்னால் வேறொருவர் சேர்த்தவை. பியானோ கலைஞர் மிட்சுகோ உச்சிடா அவற்றை விட்டுவிட்டு, தொடக்கக் கார்டுகளுக்கே திரும்பி முடிக்கிறார். தேர்வுக்குப் பழகுகிறாள் என்றால் இதை மட்டும் மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம்.