திரை அளவு தினமும் மாறிப்போகிறதே?

கேள்வி: அப்பாவின் கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மானிட்டர் 1920×1080 காட்டக்கூடியது, விஜிஏ கேபிளில் இணைத்திருக்கிறோம். ஆனால் ஆன் செய்யும்போதெல்லாம் 1024×768க்குப் போய்விடுகிறது. எழுத்துகள் அகலமாக இழுபட்டுத் தெரிகின்றன. டெர்மினலில் திரை அளவை மாற்றும் எக்ஸ்ராண்டர் கட்டளைகள் மூன்றைத் தட்டினால் சரியாகிறது, மறுநாள் பழையபடிதான். அப்பாவால் அதையெல்லாம் தட்ட முடியாது. இதை நிரந்தரமாக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அதற்கு முன் அந்தக் கேபிளைக் கழற்றி ஒருமுறை பாருங்கள்.

எக்ஸ்ராண்டர் எதையும் கோப்பில் எழுதி வைப்பதில்லை. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ் சர்வரிடம் (திரையில் எல்லாவற்றையும் காட்டும் நிரல்) வாய்வார்த்தையாகச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. சர்வர் மூடித் திறந்தால் சொன்னது போச்சு. உங்களுக்குத் தினமும் நடப்பது இதுதான். ஆனால் தினமும் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'நான் இந்த நிறுவனத்து மானிட்டர், இந்த அளவுகளைக் காட்டுவேன்' என்று ஒவ்வொரு மானிட்டரும் கணினிக்குச் சொல்லும். ஈடிஐடி என்ற 128 பைட் தகவல் அது. அது வந்து சேராவிட்டால் கணினி ஆபத்தில்லாத ஓர் அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது 1024×768. விஜிஏ கேபிளில் இந்தத் தகவல் 12, 15 ஆகிய இரண்டு ஊசிகள் வழியாகத்தான் வருகிறது.

என் மேசையிலும் இதே பிரச்சினை இருந்தது. இரண்டு மாதம் ஒரு ஸ்கிரிப்டை வைத்துச் சமாளித்தேன். வேறு வேலையாகக் கேபிளைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், 12ஆம் ஊசி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கேபிளை மாற்றினேன், ஸ்கிரிப்டை அழித்தேன், அவ்வளவுதான். ஊசிகள் மூன்று வரிசையாக இருக்கும். குறுகலான பக்கத்து வரிசைதான் 11 முதல் 15 வரை. நடு வரிசையில் 9ஆம் ஊசி பல கேபிள்களில் இருக்காது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இடையில் கேவிஎம் சுவிட்சோ (பல கணினிகளுக்கு ஒரே மானிட்டரைப் பயன்படுத்த உதவும் பெட்டி) அடாப்டரோ இருந்தால் அதையும் எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

கேபிளை மாற்ற வழியில்லையா? சரி, அப்போது கணினிக்கு நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். சிவிடி என்ற கட்டளைக்கு 1920, 1080, 60 என்ற மூன்று எண்களைக் கொடுங்கள். மோடின் பெயரும் அடுத்து 173 (மெகாஹெர்ட்ஸ்) என்ற எண்ணும் கொண்ட ஒரு மோட்லைன் வரியைத் தரும். ஒரு திரை அளவை எப்படிக் காட்டுவது என்று எண்களில் சொல்லும் வரி அது. உங்கள் மூன்று கட்டளைகளில் முதலாவதில் இருப்பதும் அநேகமாக அதே வரிதான். இடிசி கோப்புறைக்குள் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப் டாட் டி என்ற கோப்புறை (இல்லாவிட்டால் உருவாக்குங்கள்). அதில் கான்ஃப் என முடியும் ஒரு கோப்பைத் திறந்து மானிட்டர் என்ற பகுதியை எழுதுங்கள். ஐடென்டிஃபையராக இணைப்பின் பெயர், அடுத்து அந்த மோட்லைன், அடுத்து ப்ரிஃபர்டு மோட் என்ற ஆப்ஷனில் அதே மோடின் பெயர்.

இணைப்பின் பெயரில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பழைய இன்டெல் டிரைவர் விஜிஏ1 என்று சொல்வதை மோட்செட்டிங் டிரைவர் விஜிஏ-1 என்று சொல்லும். ஒரு சிறுகோடு பிசகினாலும் நீங்கள் எழுதியது எந்தத் திரைக்கும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. வேறு எங்கோ பார்த்த பெயரைப் போடாமல், அப்பாவின் கணினியில் எக்ஸ்ராண்டரை மட்டும் தட்டி, அது காட்டும் பெயரை அப்படியே எழுதுங்கள்.

இந்த வழியை நான் விரும்புவதற்குக் காரணம், லாகின் திரையே சரியான அளவில் வந்துவிடும். கட்டளைகளை ஆட்டோஸ்டார்ட்டில் போட்டால் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போன பிறகுதான் அவை ஓடும். அதுவரை உங்கள் அப்பா இழுபட்ட எழுத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொன்று. உள்ளே போனதும் டெஸ்க்டாப் தான் முன்பு சேமித்து வைத்த அளவைத் திரும்பப் போடக்கூடும். புதிய கோப்போடு ரீஸ்டார்ட் செய்ததும் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பட்டியலில் 1920×1080 வந்திருக்கும். அதை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஒருவேளை திரை கறுத்துப்போனால் பயப்படாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் எழுத்துத் திரையில் லாகின் செய்து அந்தக் கோப்பை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம்.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் எக்ஸ் சர்வருக்குப் பதிலாக வந்திருக்கும் வேலேண்டில். எக்ஸ்ராண்டர் கட்டளை எதையும் மாற்றுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வேலேண்டில் திரை அளவு எக்ஸ் சர்வரின் கையில் இல்லை, அதனால் எக்ஸ்ராண்டரும் மேலே சொன்ன கோப்பும் அங்கே எடுபடாது. கேபிளைப் பார்ப்பது உங்களுக்கும் பொருந்தும். அதற்கப்புறமும் சரியாகவில்லை என்றால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிடமே சொல்லுங்கள்: கணினி ஆன் ஆனதும் கர்னலை ஏற்றிவிடும் க்ரப் நிரலின் அமைப்பில் கர்னலுக்குப் போகும் வரியில் வீடியோ என்ற சொல், சமக்குறி, இணைப்பின் பெயர், முக்காற்புள்ளி, கடைசியில் 1920x1080@60. நடுவே இடைவெளி கூடாது. பிறகு க்ரப்பை அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ் சர்வரில் எச்டிஎம்ஐ-1 என்று பார்த்த இணைப்பைக் கர்னல் எச்டிஎம்ஐ-ஏ-1 என்று அழைக்கும். அங்கே எந்தப் பெயர் என்பதை சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.