பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வி: என் அம்மாவின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போனவர், திரும்பி வரவே இல்லை என்கிறார்கள். பெயரும் ஊரும் தவிர வேறு எதுவும் தெரியாது. உண்மையிலேயே சிப்பாயாக இறந்தாரா, எங்கே இறந்தார் என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

பதில்:

முடியலாம். எங்கள் வீட்டில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தோம். நான்கு வருஷம் ஆனது, அதில் மூன்று வருஷம் நான் தப்பான இடத்தில் தேடியதால் வீணாய்ப் போனது. லண்டனில் ஏதோ ஒரு அலமாரியில் என் தாத்தாவின் அண்ணனைப் பற்றி ஒரு ஃபைல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் விவரங்கள்தான் அங்கே ஏராளம், சாதாரண சிப்பாய்க்குத் தனி ஃபைல் எல்லாம் கப்பலேறிப் போகவில்லை. எங்களுக்கு வழி காட்டியது சாமி மாடமும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான். அதனால் இணையத்தில் தேட உட்காரும் முன் வீட்டைத் தேடுங்கள்.

சாமி மாடத்தில் இருந்தது ஒரு வெண்கலத் தட்டு. சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், நல்ல கனம். நடுவில் ஒரு பெண் நிற்கிறாள், கையில் சூலம், பக்கத்தில் சிங்கம். வேறு யாராக இருக்க முடியும், அம்மன்தான் என்று ஆயா முடிவு செய்து, ஆடி வெள்ளி தவறாமல் புளி போட்டுத் தேய்த்து மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிக்கொண்டிருந்தது. (வட ஆற்காட்டுப் பக்கம் எங்களுக்குப் பாட்டி என்றால் ஆயா.) விளிம்பில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தை யாரும் படித்ததில்லை. நான் படித்தபோது 'விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் உயிர் நீத்தார்' என்ற பொருளில் ஒரு வாசகம். அந்த அம்மன் பிரிட்டானியா, பிரிட்டன் தேசத்தையே பெண்ணாகக் காட்டும் உருவம்! 1914-18 யுத்தத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு அது, மொத்தம் 13 லட்சத்துக்கு மேல் வார்த்து அனுப்பினார்கள். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே தகடு, பதவி கிடையாது, பட்டாள எண் கிடையாது, பெயர் மட்டும். அந்தப் பெயரையும் எங்கள் ஆயா ஐம்பது ஆடி மாதம் புளி போட்டுத் தேய்த்ததில், கடைசியில் 'சாமி' என்று முடிகிற நாலு எழுத்துதான் மிச்சம்.

உங்கள் வீட்டில் தகடு இல்லாவிட்டால் மெடலாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் முகத்தைப் பார்ப்பதைவிட விளிம்பைப் பாருங்கள், பூதக்கண்ணாடி வைத்து. இந்தியச் சிப்பாய்களின் மெடல் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொடி எழுத்தில் பதித்திருக்கும். அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள், எங்கள் கதை உங்களுக்குப் பாடமாக இருக்கட்டும்.

அடுத்தது எந்த யுத்தம் என்று தீர்மானிப்பது. பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் தெரியாது என்பார்கள், ஊரில் அப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். எங்கள் அத்தை 'எம்டன் வந்து மெட்ராசுல குண்டு போட்டாம் பாரு, அதுக்கு அடுத்த வருஷம் போனாராம்' என்று ஆயா சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தது 1914 செப்டம்பர் 22, ஆக இவர் போனது 1915. அதுவே 'ஜப்பான்காரனுக்குப் பயந்து பட்டணத்தையே காலி செய்தார்கள்' என்று பேச்சு வந்தால் அது 1942, இரண்டாம் யுத்தம். அம்மாவின் தாத்தா என்றால் உங்கள் வயதைப் பொறுத்து இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

சரி, இப்போது இணையம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று 1917-இலிருந்து இருக்கிறது. அதன் தளத்தில் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பட்டியல் இலவசமாகத் தேடலாம். முதல் யுத்தத்துக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களைச் சேர்த்திருக்கிறார்கள். 'சண்டை முடிஞ்சப்புறம் காய்ச்சல்ல செத்தாராம், அதெல்லாம் கணக்குல வராது' என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னார். வரும். நோயில் இறந்தாலும் பணியில் இருந்தபோது இறந்தால் வரும். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கூலிப் படையில் போனவர்கூட வருவார்கள், ஊரில் எல்லாருக்கும் 'பட்டாளம்' என்று ஒரே பெயர்தான், ஆனால் போனவர்கள் எல்லாரும் துப்பாக்கி தூக்கியவர்கள் இல்லை.

இங்கேதான் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெயரைப் போட்டுத் தேடினேன். நம் பெயர்களுக்கு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டல் என்று ஒன்று கிடையவே கிடையாது, எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படி. 'சாமி' ஒன்றையே எஸ்-க்குப் பிறகு டபிள்யூ போட்டும் போடாமலும், கடைசியில் ஐ போட்டும் ஒய் போட்டும் ஆறேழு விதமாக எழுதியிருக்கிறார்கள். இனிஷியல் பெரும்பாலும் இருக்காது. முனுசாமி என்று போட்டால் வருவது இத்தனை, முனிசாமி என்று போட்டால் அத்தனை, அதில் நம்மவர் யார்?

வழி என்னவென்றால் பெயரை விடுங்கள். அதே தளத்தில் விரிவான தேடலில் 'கூடுதல் தகவல்' என்று ஒரு கட்டம் இருக்கும். இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுக்கா, இன்ன மாவட்டம் என்று குடும்பத்திலிருந்து வாங்கிய விவரம் அதில் இருக்கும், எல்லாருக்கும் இல்லை, பலருக்கு. அந்தக் கட்டத்தில் அன்றைய மாவட்டப் பெயரை அன்றைய இங்கிலீஷில் போடுங்கள். திருநெல்வேலி இல்லை, டின்னவெல்லி. திருச்சி இல்லை, டிரிச்சினோபோலி. தஞ்சாவூர் டாஞ்சூர், செங்கல்பட்டு சிங்கிள்புட். வேலூர், திருவண்ணாமலை எல்லாம் வட ஆற்காடு. எந்தப் படையில் இருந்தார் என்ற இடத்தில் இந்திய ராணுவம் என்று வடிகட்டிவிட்டு, வருகிற பட்டியலை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள், குறுக்கு வழி கிடையாது.

படைப்பிரிவின் பெயரை வைத்து ஏமாறாதீர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் சொல்கிற, பாலம், சாலை போடும் பெங்களூர் பொறியாளர் படைக்கு அந்த யுத்த காலத்தில் பெயரில் மெட்ராசே கிடையாது, '2-ஆம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்றுதான் இருக்கும். நான் மெட்ராஸ் என்று தேடித் தேடி ஒரு வருஷம் தாண்டவே இல்லை. அதேபோல 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று ஒரு படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா கடற்கரையில் இறங்கி அடி வாங்கியது (அந்தச் சண்டையில் காட்டுத் தேனீக்களும் சேர்ந்து கொட்டின, நிஜமாகவே). பெயரில் பாளையங்கோட்டை இருப்பதால் அதில் இருந்தவர் எல்லாம் அந்த ஊர்க்காரர் ஆகிவிட மாட்டார்கள்.

கடைசியில் எனக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒரே பெயர், ஒரே மாவட்டம். ஒருவர் டெல்லி நினைவுச் சின்னத்தில், அதாவது நம் இந்தியா கேட்டில், வடமேற்கு எல்லைப்புறத்தில் இறந்தவர். இன்னொருவர் இராக்கில் பஸ்ரா நினைவுச் சின்னத்தில், 1917 ஜூலை. வீட்டுக் கதையில் 'பசரா' என்று வருகிறது, அதனால் இரண்டாமவர்தான் என்று எல்லாரும் குதித்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கப்பலேறிப் போன எல்லாரையும் எங்கள் பக்கம் 'பசராவுக்குப் போனான்' என்றுதான் சொல்வார்கள், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. பதிவில் அப்பா பெயர் இருந்தது. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரோ எங்கள் யாருக்கும் தெரியாது, பட்டப்பெயர்தான் தெரியும், அதை இங்கே எழுதினால் அத்தை என்னைக் கொன்றுவிடுவார்.

அப்போதுதான் பெட்டி. பெரிய ஆயா, அதாவது பட்டாளத்துக்குப் போனவருடைய மனைவி, பிள்ளை இல்லாதவர், 1920-களில் கொல்லை ஒன்றை விற்றிருக்கிறார். அந்தக் கிரயப் பத்திரத்தின் நகல் நாலாக மடித்து, மடிப்பு அற்று, நாலு துண்டாகவே கிடைத்தது. சேர்த்து வைத்துப் படித்தால் 'மெசபடோமியா தேசத்தில் சர்க்கார் பட்டாள உத்தியோகத்தில் காலஞ்சென்ற' என்று எழுதி, அவர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், பாரியாள் இன்னார், இடது கைப் பெருவிரல் ரேகை. (மெசபடோமியா என்றால் இன்றைய இராக்.) பதிவில் இருந்த அப்பா பெயரும் பத்திரத்தில் இருந்த பெயரும் ஒன்று. நான் லண்டனுக்கும் டெல்லிக்கும் மெயில் அனுப்பிக்கொண்டிருந்த நாளெல்லாம் அது பழைய பட்டுப்புடவைக்கு அடியில் இருந்திருக்கிறது. உங்கள் வீட்டில் பத்திரம் இல்லாவிட்டால் சார் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழைய பதிவைத் தேடச் சொல்லலாம், சர்வே எண்ணும் தோராயமான வருஷமும் வேண்டும், பொறுமையும்.

பஸ்ராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கே வந்து நிற்க வாய்ப்பு அதிகம். அந்தச் சின்னத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கணக்கில் இருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சுவரில் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்று எண்ணிக்கையும் மட்டும். பெயர் பதிவேட்டில்தான், இப்போது இணையத்தில் வருவது அதுதான். அதே இராக்கில் அமாராவில் இந்தியர்களுக்கென்று ஒரு கல்லறை, சுமார் 5,000 பேர், அதில் அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது! இந்தப் பாகுபாட்டை ஆணையமே 2021-இல் அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெயரே இல்லாமல் விடுபட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்று அதில் எழுதியிருக்கிறார்கள், மூன்றரை லட்சம் வரை இருக்கலாமாம். எனவே தேடிக் கிடைக்கவில்லை என்றால் உங்கள் தாத்தா போகவில்லை என்று அர்த்தம் இல்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்று கனவு காணவும் வேண்டாம், அந்தச் சின்னத்தையே சதாம் உசேன் 1997-இல் பெயர்த்து, 32 கிலோமீட்டர் தள்ளி நாசிரியா சாலையில் பாலைவனத்தில் வைத்துவிட்டார்.

எப்படி இறந்தார் என்று தெரியவில்லை, தெரியப்போவதும் இல்லை. அந்தப் பதிவில் காரணம் இருக்காது. பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் அந்த யுத்தத்தின் படை நாட்குறிப்புகள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், பிரிவும் தேதியும் தெரிந்தால் அன்றைக்கு அந்தப் படை எங்கே இருந்தது என்று பார்க்கலாம். அதிகாரிக்குக் காய்ச்சல் வந்தால் பெயரோடு எழுதுவார்கள், சிப்பாய் செத்தால் எண்ணிக்கை. 1917 ஜூலை மெசபடோமியாவில் கொலை வெயில். அந்த மாதம் ராமாதி நகரைப் பிடிக்கப் போன படைக்கு ஏற்பட்ட சேதத்தில் பாதிக்கு மேல் வெயிலால் வந்தது. நம்மவர் அதில் இருந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை, ஆனால் வெயிலில் இருந்தார்.

இரண்டாம் யுத்தம் என்றால் உங்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். அப்பா, அம்மா, மனைவி, கிராமம் என்று பல பதிவுகளில் விவரம் இருக்கும். மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சின்னம், பர்மா என்றால் ரங்கூன் பக்கம் டாக்யானில் உள்ள நினைவுச் சின்னம், அதில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். உடலை எரித்திருந்தால் கல்லறை இருக்காது, தகனம் செய்யப்பட்டவர்களுக்கென்று தனி நினைவுச் சின்னங்கள் உண்டு, அதையும் பாருங்கள். இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரையில் அப்படி ஒன்று இருக்கிறது. 1944 பிப்ரவரி 24 அன்று கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டு ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன், நம் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், அவர் பெயர் அங்கேதான்.

ஆனால் மலாயாவில் தோட்ட வேலைக்குப் போனவர் என்றால் நிதானம். சயாம் மரண ரயில்பாதைக்கு ஜப்பான்காரன் இழுத்துப்போன தமிழ்த் தொழிலாளிகள் சிப்பாய்க் கணக்கில் வர மாட்டார்கள். நேதாஜி படையில் சேர்ந்து இறந்தவர்களும் அந்த ஆணையப் பட்டியலில் இல்லை, அதற்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம்தான். அப்புறம், பஞ்சாப் சிப்பாய்களின் மூன்று லட்சத்து சொச்சம் பதிவுகள் லாகூரில் கிடைத்தன என்று செய்தி பார்த்திருப்பீர்கள், அது பஞ்சாபுக்கு மட்டும், நமக்கு உதவாது. பணம் கொடுத்தால் தேடித் தருகிறேன் என்பவர்களிடமும் போகாதீர்கள். நான் ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்தேன், இலவசத் தளத்தில் இருந்த பக்கத்தை அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு அனுப்பினார். அதுவும் தப்பான ஆளை, டெல்லி நினைவுச் சின்னத்தில் இருந்த அந்த இன்னொருவரை.

இறந்த தேதி தெரியாததால் இத்தனை வருஷம் அவருக்கு மகாளய அமாவாசைக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். தேதி கிடைத்ததும் சித்தப்பா அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஐயரிடம் போனார். அவர் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மத்தியானத்தோடு திதி மாறுகிறது, போனது காலையிலா சாயங்காலமா, அதுவும் அந்த ஊர் நேரமா நம் ஊர் நேரமா என்று கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் மொபைலைப் பார்த்தேன். 'சாயங்காலம்னே வெச்சுக்குங்க சாமி, பகல்ல வேலை இருந்திருக்கும்' என்றார் சித்தப்பா.