மூலக்கூறுகளைத் திரையில் பார்க்க என்ன லேப்டாப் வாங்கலாம்?

கேள்வி: முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமோல், கைமேராஎக்ஸ் மென்பொருள்கள் இரண்டுக்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயமா?

கட்டாயமில்லை. கைமேராஎக்ஸ் கேட்பது ஓப்பன்ஜிஎல் (மென்பொருள் கிராஃபிக்ஸை வரையப் பயன்படுத்தும் இடைமுகம்) 3.3 பதிப்பு. இப்போது விற்கும் இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களில் பிராசஸரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் அதைத் தாண்டியதுதான். ஐயாயிரம் அணுகூட இல்லாத ஹீமோகுளோபின் அதில் சிக்கலில்லாமல் சுழலும். லட்சம் அணுக்களுக்கு மேல் உள்ள ரைபோசோமுக்கு மேற்பரப்பு வரையச் சொன்னால்தான் திணறும். அடிக்கடி அந்த அளவு வேலை என்றால் தனி கார்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள், அதுவும் இரண்டு ஸ்டிக்காக. தனி கார்டு இல்லாத மெஷினில் கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்தும். ஒற்றை ஸ்டிக் இருந்தால் வேகம் குறையும்.

கேள்வி: விஎம்டி என்ற மென்பொருளில் டிராஜெக்டரி (அணுக்களின் அசைவை ஃபிரேம் ஃபிரேமாகப் பதிந்த கோப்பு) ஏற்றினால் மெஷின் உறைந்துவிடுகிறது. நல்ல ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) வாங்கினால் சரியாகுமா சார்?

ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அணுவுக்கு மூன்று ஆயங்கள், ஒவ்வொன்றும் 4 பைட், ஆக 12 பைட். ஒரு லட்சம் அணு, பத்தாயிரம் ஃபிரேம் என்றால் 12 ஜிபி. விஎம்டி அத்தனையையும் ரேமில் ஏற்றிவைக்கும். 8 ஜிபி மெஷின் உறையாமல் என்ன செய்யும்? 32 ஜிபி ரேம் உள்ளதாகப் பாருங்கள். வாங்கும்வரை தண்ணீர் மூலக்கூறுகளை நீக்கிவிட்டு, பத்து ஃபிரேமுக்கு ஒன்றாக ஏற்றுங்கள். அணுக்களில் பெரும்பகுதி பெரும்பாலும் தண்ணீர்தான்.

கேள்வி: என்விடியா கார்டு உள்ள லேப்டாப்தான் வாங்கினேன். பைமோல் அப்படியே மெதுவாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை, பதற வேண்டாம். பைமோல் திறந்ததும் மேலே ஓடும் எழுத்துகளில் ஜிஎல் ரெண்டரர் என்ற வரியைப் படியுங்கள். அங்கே இன்டெல் பெயர் இருந்தால், உங்கள் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ் போய், பைமோலைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். மூடித் திறந்து அந்த வரியை மறுபடி பாருங்கள். அப்புறம், சார்ஜரைச் செருகியே வேலை செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது கார்டின் வேகம் குறைக்கப்படும்.

கேள்வி: மேக் சரிவருமா?

படம் பார்க்க வரும். ஆப்பிள் 2018-லேயே ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது, ஆனாலும் அதன் 4.1 பதிப்பு இன்னும் ஓடுகிறது. என்விடியா கார்டில் கணக்கீடு செய்ய உதவும் குடா என்ற தளம் தேவைப்படும் வேலை உங்களுக்கு உண்டென்றால் மேக் வேண்டாம்.

கேள்வி: கட்டுரைக்குப் படம் எடுக்க பைமோலில் ரே (ஒளி, நிழலோடு தரமான படம் வரையும் கட்டளை) கொடுத்தால் நேரமாகிறது. அதற்காவது பெரிய கார்டு உதவுமா?

ரே வேலையைச் செய்வது பிராசஸர். கோர் எண்ணிக்கை கூடினால் நேரம் குறையும்.

கேள்வி: டச்பேடு போதுமா?

போதாது. பைமோலில் இடது பட்டன் சுழற்றும், நடுப்பட்டன் நகர்த்தும், வலது பட்டன் பெரிதாக்கும். சக்கரத்தை அழுத்தக்கூடிய சாதாரண மவுஸ் ஒன்றை லேப்டாப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.