முதல் அரை மாரத்தான்: ஓட்டம், எடைப் பயிற்சி, சாப்பாடு – கேட்டவையும் சொன்னவையும்

ஜனவரியில் சென்னையில் முதல் முறையாக 21.1 கிலோமீட்டர் ஓடப்போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் பிசியோதெரபிஸ்ட், பல வருடங்களாக ஓடுகிறவளும்கூட. கால் வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான். வாரா வாரம் கிலோமீட்டர் ஏறியிருக்கும், தட்டு அப்படியே இருக்கும், தொடைக்கும் கெண்டைக்கும் தனியாக ஒரு நாள்கூட வேலை கொடுத்திருக்க மாட்டார்கள்.

வேளச்சேரி, வயது 38: அக்கா, 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவேன். வாரம் மூன்று நாள் ஜிம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எப்படி அடக்குவது?

கஷ்டமான வேலைகளை ஒரே நாளில் சேர்த்துவிடுங்கள் தம்பி. செவ்வாய் காலை கொஞ்சம் வேகமான ஓட்டம், அன்று மாலையே கால்களுக்கு எடைப் பயிற்சி. புதன் ஓய்வு, வேண்டுமானால் நடை. வியாழன் காலை 5, 6 கிலோமீட்டர் நிதானமாக, மாலை இரண்டாவது எடைப் பயிற்சி. வெள்ளி ஓய்வு. சனி 3 கிலோமீட்டர் மெதுவாக. ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீளமான ஓட்டம். திங்கள் முழு ஓய்வு. ஜிம் மூன்று நாளிலிருந்து இரண்டாகக் குறைகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமை கால்களுக்குக் கனமாக எடை தூக்கிவிட்டு ஞாயிறு 14 ஓடுவதுதான் பலருக்கு முழங்கால் வலியில் போய் முடிகிறது.

16 வாரம் இருக்கிறது என்றால் ஞாயிறு ஓட்டம் இப்படி ஏறட்டும்: 6, 7, 8, 6, 9, 10, 11, 8, 12, 13, 14, 10, 15, 17, 10, அப்புறம் பந்தயம். ஒவ்வொரு நான்காவது வாரமும் இறங்குகிறதே, அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எலும்பும் தசைநாரும் பலப்படுவது அந்த வாரத்தில்தான். வேகத்துக்கு அளவு: பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை சீக்கிரம் காயாது, அதனால் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்கும். வாட்ச்சைப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம்.

கோயம்புத்தூர், வயது 29: ஜிம்முக்குப் போக வசதி இல்லை. வீட்டில் செய்தால் போதுமா?

போதும். படிக்கட்டும், ஒரு முதுகுப் பையும், 5 கிலோ அரிசிப் பையும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

கெண்டைக்காலுக்கான காஃப் ரெய்ஸ்தான் எனக்கு முதல். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகால் படிக்குக் கீழே இறங்கும் வரை விடுங்கள். மூன்று எண்ணி ஏறி, மேலே ஒரு நொடி நின்று, மூன்று எண்ணி இறங்குங்கள். முதலில் இரண்டு காலில். 15 தடவை சுலபமாக வந்தால் ஒற்றைக் காலில், அதுவும் சுலபமானால் அரிசிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு. முழங்காலை நீட்டி ஒரு செட், லேசாக மடக்கி ஒரு செட். மடக்கிச் செய்யும்போது வேலை கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்குப் போகிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குவது அந்தத் தசை. நிறையப் பேர் நீட்டி மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

கூடவே ஸ்குவாட், படியில் ஒரு காலால் ஏறி இறங்குவது, ஒற்றைக்கால் டெட்லிஃப்ட் (ஒரு காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), சைடு பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிற்பது). ஒவ்வொன்றும் மூன்று செட், எட்டிலிருந்து பத்துத் தடவை, கடைசி இரண்டு தடவை உண்மையிலேயே சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லாமல் 30, 40 தடவை செய்வதில் இந்த வேலைக்குப் பெரிய பலன் இல்லை. கனம் தூக்கினால் உடம்பு பருத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். இவ்வளவு ஓட்டத்தோடு சேர்ந்து வாரம் இரண்டு நாள் தூக்கினால் பருக்காது.

மதுரை, வயது 31: நாங்கள் சுத்த சைவம். இட்லியிலேயே உளுந்து இருக்கிறதே, புரதம் போதாதா?

ஒரு இட்லியில் சுமார் 2 கிராம்தான் புரதம். சாதாரண ஆளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்ன அளவு ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம். ஓட்டமும் எடைப் பயிற்சியும் சேரும்போது நான் 1.4 முதல் 1.6 வரை சொல்வேன். 60 கிலோ இருப்பவருக்கு 84 முதல் 96 கிராம்.

சைவத்தில் முடியாததில்லை, ஆனால் திட்டமிடாமல் வராது. மதியக் குழம்பில் காய்ந்த அளவாக 50 கிராம் சோயா உருண்டை போட்டால் அதுவே சுமார் 25 கிராம். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். ராத்திரி 100 கிராம் பனீர், 18 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், இரண்டு கரண்டி கெட்டித் தயிர், கெட்டியாக ஒரு கிண்ணம் பருப்பு சேர்ந்தால் வந்துவிடும். ரசம் சாதம், மோர் சாதம் என்று முடிகிற மதியச் சாப்பாட்டில்தான் ஓட்டை விழுகிறது. அதற்காகச் சோற்றைக் குறைக்காதீர்கள், ஓட்டத்துக்கு எரிபொருள் அதுதான். புரோட்டீன் பவுடர் கட்டாயமில்லை. இதெல்லாம் சமைக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு வசதி, அவ்வளவுதான்.

தாம்பரம், வயது 34: அக்கா, இரண்டு மாதமாக ஓட ஓட வேகம் குறைகிறது. படியேறினாலே இளைக்கிறது, முடி கொட்டுகிறது. பீரியட்ஸ் இரண்டு மாதமாக வரவில்லை. ஓட்டம் கூடினால் அப்படி ஆவது சகஜம் என்று தோழி சொல்கிறாள்.

சகஜம் இல்லைம்மா. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு எல்லாம் பார்த்த பிறகு, செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடுகிறீர்களா என்று பார்க்க வேண்டும். சாப்பாடு போதாதபோது உடம்பு முதலில் மாதவிடாயைத்தான் நிறுத்தும். அப்படியே விட்டால் எலும்பின் பலம் குறைந்து விரிசல் வரை போகும்.

ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரு வருடம் இதே இளைப்பு இருந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று ஒரு பரிசோதனை மையத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் ஃபெரிட்டின் எடுத்தபோதுதான் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது தெரிந்தது. மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள். காபி, டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரை, கம்பு, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கை வரும் வரை லாங் ரன் வேண்டாம், நடங்கள். ஜனவரி போனால் அடுத்த ஜனவரி இருக்கிறது.

போரூர், வயது 26: ஓடும்போது என்ன சாப்பிடுவது? ஜெல் விலை கட்டுப்படியாகவில்லை.

உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், சுமார் ஒன்றரை மணி நேரம் தாங்கும். முதல் அரை மாரத்தானை முடிக்கப் பலருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அதனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கொட்டை எடுத்த சிறிய பேரீச்சம்பழம் ஆறு, கிட்டத்தட்ட 30 கிராம். ஏலக்கி வாழைப்பழம் இரண்டு, 25. நாற்பதாவது நிமிடத்தில் ஆரம்பித்து அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. கடலை மிட்டாய் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வயிற்றில் தங்கும். ஞாயிறு ஓட்டங்களில் பழகிய பொருளைத்தான் பந்தயத்தில் தொட வேண்டும். குடலுக்கும் பயிற்சி தேவை.

கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. சாம்பார் வேண்டாம், பொங்கல் வேண்டவே வேண்டாம்.

அதே ஊர், இன்னொருவர்: தண்ணீர் எவ்வளவு குடிப்பது? கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளைக் கோடு விழுகிறது.

அது உப்பு. ஓடுவதற்கு முன்னும் பின்னும், துண்டால் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததைவிட ஒரு லிட்டர் அதிகமாக வியர்வை போயிருக்கிறது என்று கணக்கு. அதை முழுக்க ஓடும்போதே ஈடுகட்ட வேண்டாம். தாகத்துக்குக் குடித்தால் போதும். எடை கூடியிருந்தால்தான் ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, குழப்பமும் வலிப்பும் வரை கொண்டுபோகும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூனுக்குக் குறைவாக உப்பு, நான்கு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு எலுமிச்சை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓடி முடித்து வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட நீராகாரம் குடிப்பது எனக்குப் பிடிக்கும்.

திருச்சி, வயது 40: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. ஓடலாமா?

கட்டைவிரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது அதிகச் சுமையால் முன்னெலும்பை ஒட்டி வரும் வலி. தூரத்தைப் பாதியாக்கி, காஃப் ரெய்ஸை ஆரம்பியுங்கள். ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தாலோ, அந்தக் காலில் நொண்டி அடிக்க முடியாவிட்டாலோ ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அவர் எம்ஆர்ஐ சொன்னால் எடுத்துவிடுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. ஐபுபுரூஃபென் போன்றவை, உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வயது 51: மேடம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நடுவில் நடந்தால் மதிப்பு குறையுமா?

சார், முதலில் மருத்துவரிடம் சொல்லி இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் ஓட்டத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், ஓட்ட நாள்களில் மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று அவரிடமே கேளுங்கள். பாக்கெட்டில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

நடப்பதில் குறையே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே ஆரம்பியுங்கள். களைத்த பிறகு நடப்பதற்கும் இதற்கும் கடைசி 5 கிலோமீட்டரில் வித்தியாசம் தெரியும்.

அண்ணா நகர்: நவம்பர் மழையில் என்ன செய்வது?

தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓடாதீர்கள், கீழே மூடியில்லாத குழி இருக்கலாம். அன்று எடைப் பயிற்சியை முன்னால் கொண்டுவாருங்கள், அல்லது அடுக்குமாடிப் படிக்கட்டில் 30 நிமிடம். ஒரு ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறில் இரண்டையும் சேர்த்து ஓடக் கூடாது.

கடைசி வாரம்?

கனமான எடையைப் பத்து நாள் முன்பே நிறுத்துங்கள். ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். கடைசி இரண்டு நாள் சோறு கொஞ்சம் கூட, கீரை, பயறு குறைவாக. புது ஷூ வேண்டாம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், மறந்தவர்கள் குளிக்கும்போது அலறுவார்கள். முதல் 3 கிலோமீட்டர் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போகட்டும்.