கணினி வந்த பிறகும் எச்-544 எழுத வேண்டுமா?

மாரி தொடங்க முன்னமே டெங்கு அறிவித்தல் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. எச்-544 என்பது தொற்றுநோய் என்று சந்தேகிக்கும் நோயாளியை அவருடைய பகுதிச் சுகாதாரப் பணிமனைக்கு அறிவிக்கும் படிவம். ஒரே விடயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

எங்கள் விடுதியில் நோயாளர் விபரமெல்லாம் இப்போது கணினியில்தான். வீட்டுக்கு அனுப்பும்போது நோய்க் குறியீடும் போடுகிறோம். அதற்கு மேலும் எச்-544 எழுதச் சொல்கிறார்கள். ஒரே வேலையை ஏன் இரண்டு தரம் செய்ய வேண்டும்?
– வைத்திய அதிகாரி, கல்முனை

இரண்டு தரம் எழுதுவது எரிச்சல்தான். ஆனால் இவை ஒரே வேலை அல்ல. நோயாளி போகும்போது நீங்கள் போடும் குறியீடு ஈ-ஐ.எம்.எம்.ஆர். (விடுதி நோயாளரின் நோய், இறப்பு விபரங்களுக்கான மின்பதிவேடு) வழியாக மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகிறது. எந்த நோய்க்கு எத்தனை பேர் அனுமதியானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்குக்கு அது வேண்டும். அதற்கு அவசரம் இல்லை, பிழையில்லாமல் இருந்தால் போதும்.

எச்-544 அப்படியல்ல. சந்தேகம் வந்ததும் எழுத வேண்டியது அது. இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை வைத்திருக்கவே கூடாது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் ஒருவர் விடுதிக்கு வருகிறார், ஐந்தாறு நாள் தங்குகிறார் என்று வையுங்கள். அவர் போகும் நாளில்தான் தகவல் புறப்பட்டால் காய்ச்சல் தொடங்கி ஒரு கிழமைக்கு மேல் ஆகியிருக்கும். அவரைக் கடித்த நுளம்பு 8 முதல் 12 நாளில் அடுத்தவருக்கு வைரஸைக் கொடுக்கத் தயாராகிவிடும். பொதுச் சுகாதார பரிசோதகர் (பி.எச்.ஐ.) படியேறும்போது பக்கத்து வளவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்கும்.

உங்கள் வைத்தியசாலை நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பெயர், வயது, முகவரி, தொலைபேசி எல்லாம் அனுமதியின்போதே ஏறியிருக்கின்றன. வைத்தியர் ‘டெங்கு சந்தேகம்’ என்று குறித்த கணமே அந்த விபரங்களோடு எச்-544 தானாக நிரம்பி வர வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாளை மட்டும் நீங்கள் சேர்த்தால் போதும். இதைச் செய்யாத மென்பொருளை வாங்கிவிட்டு ‘கணினிமயம்’ என்று பெயர்ப்பலகை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கணினியிலிருந்து வரும் முகவரிக்குப் போனால் ஆள் அங்கே இல்லை. கடதாசிக் காலத்திலும் இதே கரைச்சல்தான். இப்போது அச்செழுத்தில் அழகாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.
– பொதுச் சுகாதார பரிசோதகர், மட்டக்களப்பு

உங்கள் கிண்டல் நியாயமானது. அடையாள அட்டையைப் பார்த்து முகவரியை அப்படியே ஏற்றுவதால் வரும் வினை இது. எங்கள் கிழக்குக் கரையில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருக்கிறார். அவருடைய அட்டையில் பெரும்பாலும் தாய்வீட்டு முகவரிதான் இருக்கும். செங்கலடிக்காரர் கல்லடியில் கலியாணம் முடித்து ஆறு வருடம் ஆகியிருக்கலாம். காய்ச்சலோடு வந்து அட்டையை நீட்டுவார். புகையடிப்பது செங்கலடியில், நுளம்புக் குடம்பி நெளிவது கல்லடியில் சிரட்டைக்குள்.

வரவேற்பு மேசையில் இருப்பவர் “அட்ரஸ் என்ன?” என்று கேட்டால் அட்டைதான் வரும். “ராவையில எங்க படுக்கிறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “பொஞ்சாதிட வீட்டதான், கல்லடியில” என்று உடனே பதில் வரும். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மா வீட்டில் என்ற குடும்பங்களுக்கும் இந்தக் கேள்விதான் சரி. ஆகவே திரையில் இரண்டு இடம் வேண்டும்: அட்டை முகவரி ஒன்று, கடந்த இரண்டு கிழமை தங்கிய இடம் ஒன்று. அறிவித்தல் இரண்டாவதற்கே போக வேண்டும். வீட்டில் யார் தொலைபேசியை எடுப்பாரோ அவருடைய இலக்கமும் சேரட்டும்.

இடத்தின் பெயரைக் கையால் அடிக்க விடாதீர்கள். கிராம சேவகர் பிரிவைப் பட்டியலில் இருந்து தெரிவு செய்ய வைக்க வேண்டும், அந்தப் பட்டியல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவோடு இணைந்திருக்க வேண்டும். ‘அம்பாறை மாவட்டம்’ என்று மட்டும் பதிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த மாவட்டத்தில் கல்முனை தனிச் சுகாதாரப் பிராந்தியம். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் நாட்டின் 25 மாவட்டங்கள் 26 வரிகளாக நிற்பது அதனால்தான். சம்மாந்துறை நோயாளி கல்முனைக் கணக்கு, உகண நோயாளி அம்பாறைக் கணக்கு. பெரியகல்லாற்றில் இருந்து கல்முனைக்கு வந்து படுப்பவரோ மட்டக்களப்புக் கணக்கு.

எலிக்காய்ச்சலுக்கு இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும், வேளாண்மை மேற்கே படுவான்கரையில் இருக்கும், அறுவடைக் காலத்தில் ஆள் வயல் வாடியிலேயே கிடப்பார். தொற்று எடுத்தது வயலில். தொழில் என்ற கட்டத்தில் ‘விவசாயம்’ என்று போட்டுவிட்டு நிறுத்தாமல் எந்தக் கண்டம் (வயற்பகுதி) என்றும் கேளுங்கள். பக்கத்து வயற்காரருக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க அந்த ஒரு சொல் போதும்.

நான் தனியார் கிளினிக் நடத்துகிறேன். சொந்தமாக ஒரு சிறிய மென்பொருள் வைத்திருக்கிறேன். அரசாங்க முறைமையோடு இணையாமல் அறிவிக்க முடியுமா? அறிவிக்கத்தான் வேண்டுமா?
– காத்தான்குடி

வேண்டும். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், நோய்க்கு வைத்தியம் செய்யும் எவருக்கும் இந்தக் கடமை உண்டு. சுதேச வைத்தியருக்கும் விலக்கில்லை. இணைப்பு எதுவும் தேவையில்லை. எச்-544ஐ நிரப்பி நோயாளியின் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பினால் போதும். உங்கள் மென்பொருளில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். வெளிநோயாளருக்கு அனேகமாக ‘வைரஸ் காய்ச்சல்’ என்றுதான் எழுதுவீர்கள், ஆகவே நோயின் பெயரை வைத்து எச்சரிக்கை வரச் செய்தால் பாதிப்பேர் விடுபட்டுப் போவார்கள். டெங்கைக் கண்டறியும் என்.எஸ்.1 இரத்தப் பரிசோதனை முடிவு பதியும் இடத்தில் எச்சரிக்கை வரட்டும். எல்லாக் காய்ச்சலுக்கும் எச்சரிக்கை வைத்தால் மூன்றாம் நாளே பார்க்காமல் மூடப் பழகிவிடுவீர்கள்.

வாழைச்சேனையில் அறிவித்த நோயாளியை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினால் அங்கேயும் அறிவிப்பார்கள். கணக்கு இரட்டிப்பாகாதா?
– தாதி உத்தியோகத்தர்

ஆகாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தொற்றுநோய்ப் பதிவேட்டில் ஏற்றும்போது கழித்துவிடுவார்கள். இரண்டு வந்தால் ஒன்றைக் கழிக்கலாம். ‘அவர்கள் அறிவித்திருப்பார்கள்’ என்று இருவரும் இருந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நோயாளிக்குத் தனிநபர் சுகாதார இலக்கம் வழங்கப்பட்டிருந்தால் மாற்றக் கடிதத்தில் அதை மறக்காமல் எழுதுங்கள். ஒரே முகம்மதுவை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதும் ஊரில் பெயரை வைத்துத் தேடுவது வீண் வேலை.

மகனுக்கு டெங்கு வந்தபோது அவன் பெயரும் எங்கள் வீட்டு முகவரியும் ஊர் வட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டன. எல்லாம் கணினிக்குப் போனால் இது இன்னும் அதிகரிக்காதா?
– ஒரு தாய், அக்கரைப்பற்று

நடந்தது பிழை அம்மா, அதற்கு நியாயம் சொல்ல வரவில்லை. அறிவித்தல் சட்டக் கடமை என்பதால் அதற்கு உங்கள் சம்மதம் தேவைப்படாது. ஆனால் அந்தத் தகவல் போகவேண்டிய இடம் சுகாதாரப் பணிமனை மட்டுமே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாக வைத்திருக்கிறது. ஊருக்கு எச்சரிக்கை சொல்ல ‘இந்த வீதியில் நோயாளர் உள்ளனர், வளவைத் துப்புரவாக்குங்கள்’ என்பது போதும், பெயர் எதற்கு? கணினியில் ஒரு வசதி உண்டு: யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார் என்பது பதிவாகும், ஆளுக்கொரு கடவுச்சொல் இருந்தால். விடுதி முழுவதும் ஒரே கடவுச்சொல்லைத் திரையோரம் ஒட்டி வைத்திருந்தால் நீங்கள் பயப்படுவது சரி.

கரண்ட் போனால், இணையம் போனால்?
– பலர்

வைத்தியசாலைக்குள்ளேயே சேவையகம் இருந்தால் இணையம் போனாலும் விடுதி வேலை நடக்கும். கரண்டும் போனால் எச்-544 கடதாசிக் கட்டு மேசை லாச்சியில் இருக்க வேண்டும். வெள்ள நாட்களில் தொலைபேசியிலேயே பணிமனைக்குச் சொல்லிவிட்டுப் பிறகு பதியுங்கள்.

தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன். இறுதியாண்டுச் செயற்திட்டமாக ஒரு நோயாளர் பதிவு முறைமை செய்யலாமா?
– மாணவர், ஒலுவில்

இன்னொரு பதிவு முறைமை வேண்டாம் தம்பி, அவை நிறைய இருக்கின்றன. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் சுகாதாரத் தகவல் மென்பொருளான டி.எச்.ஐ.எஸ்.2 இலவசம். 2020 தொடக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்க இலங்கையில்தான் அதில் கொவிட் பதிவு அமைத்தார்கள், பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. அதைப் பழகுங்கள். செயற்திட்டமாக, ஊர்ப்பெயரையும் ஒழுங்கையையும் எப்படி எழுதினாலும் சரியான கிராம சேவகர் பிரிவைக் கண்டுபிடித்துத் தரும் ஒரு சிறு கருவி செய்யுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தேட முடிய வேண்டும். பட்டியல் தயாரானதும் முதலில் உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். புது ஒழுங்கைகள் எந்தப் பிரிவுக்குள் வருகின்றன என்று வரைபடத்தை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.