பிரேக்குக்கு கியர் அவுட்டர் போடலாமா?

கேள்வி: என் மலை சைக்கிளில் கியர் வயர் ஷிஃப்டர் பக்கத்தில் இழை இழையாகப் பிரிந்துவிட்டது. பின் பிரேக் லீவரும் கல்லாட்டம் இறுகிக் கிடக்கிறது. இரண்டு கியர், இரண்டு பிரேக், நான்கு வயரையும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். ஒரே அவுட்டரை, அதாவது வயர் ஓடும் மேலுறையை, நீளமாக வாங்கி நான்குக்கும் வெட்டிக்கொள்ளலாமா? பூச்சுப் போட்ட வயர் தேவையா?

பதில்: ஒரே அவுட்டரா? அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். கையில் மிச்சமிருந்த கியர் அவுட்டரை முன் பிரேக்குக்குப் போட்டு ஓட்டினேன். ஒரு சரிவில் அழுத்திப் பிடித்தேன். படக்கென்று சத்தம், லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. பின் பிரேக்கில்தான் நின்றேன். இறங்கிப் பார்த்தால், வளைவில் பிளாஸ்டிக் கிழிந்து, உள்ளேயிருந்த கம்பிகள் விளக்குமாற்றுக் குச்சிகள் மாதிரி துருத்திக்கொண்டிருந்தன.

காரணம், வெட்டு முனையைப் பார்த்தாலே தெரியும். பிரேக் அவுட்டரில் பட்டைக் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் சற்றுச் சுருங்குமே தவிர வெடிக்காது. கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அவற்றைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் மட்டும்தான். கிளிக் கிளிக்கென்று விழும் கியருக்கு அவுட்டர் துளியும் சுருங்கக்கூடாது என்பதால் அந்த அமைப்பு. பிரேக் அவுட்டரைக் கியருக்குப் போட்டால் ஆபத்தில்லை. ஆனால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கியர் தடுமாறும்.

இன்னர், அதாவது அவுட்டருக்குள் ஓடும் வயர், கியருக்குச் சுமார் 1.2 மி.மீ., பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6. அவுட்டர் பெரும்பாலும் கியருக்கு 4, பிரேக்குக்கு 5. கியருக்கும் 5 மி.மீ. அவுட்டர் உண்டு, அதனால் தடிமனை நம்பாமல் முனையைப் பாருங்கள். மலை சைக்கிள் லீவருக்கு பிரேக் வயரின் தலை உருளையாக இருக்கவேண்டும். பேரிக்காய் வடிவத் தலை ரேஸ் சைக்கிளுக்கு.

பூச்சு வயரை நான் வாங்குவதில்லை. சேறும் மணலும் பட்டால் சில வகைகளில் பூச்சு உரிந்து, பஞ்சு போல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். வழவழப்பான ஸ்டெயின்லெஸ் போதும். அந்தக் காசை உள்ளே பிளாஸ்டிக் உள்குழாய் வைத்த நல்ல அவுட்டருக்குச் செலவழியுங்கள்.

வெட்டுமுன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து நீளம் முடிவு செய்யுங்கள். பழைய துண்டை அளவாக வைப்பது, பழையது சரியாக இருந்திருந்தால்தான். பின் டிரெய்லியருக்கு (பின் சக்கரத்தில் செயினைப் பல் மாற்றும் பாகம்) வரும் கடைசி வளைவைச் சிக்கனம் பிடித்து ஒடுக்கிவிடாதீர்கள்; கியர் இறுகுவது பல நேரம் அங்கேதான்.

சாதாரண குறடு அவுட்டரை நசுக்கிவிடும், கேபிள் கட்டர்தான் வேண்டும். வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, நசுங்கிய உள்குழாயைக் கோணி ஊசியால் திறந்துவிட்டு, அவுட்டர் முனைக்கான தொப்பியை மாட்டுங்கள். எல்லாம் பூட்டியதும் பிரேக் லீவரைப் பத்து முறை பலமாக அழுத்துங்கள், கியரை ஏற்றி இறக்குங்கள். அவுட்டர் தொப்பிக்குள் உட்கார்ந்து வயர் தளரும். அந்தத் தளர்வை எடுத்தபிறகு வெளியே கிளம்புங்கள்.